ஆறாவது போகும் பிள்ளைக்கு அன்பான விதிமுறைகள்

உங்கள் பிள்ளை ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போகிறதா? வாழ்த்துகள். நேற்றுவரை ஒரே டீச்சர், ஒரே அறை, மணி அடித்தால் ஓட்டம். இனிமேல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பீரியடுக்கு ஒரு மணி, பென்சிலுக்குப் பதில் பேனா, பைக்குள் ஜியோமெட்ரி பாக்ஸ். வயது 11. பால்பல் ஒன்றிரண்டு இன்னும் விழாமல் இருக்கலாம். அதற்கெல்லாம் காத்திருக்க நமக்கு நேரமில்லை.

கீழே உள்ள விதிகளை வரிசை மாறாமல் கடைப்பிடியுங்கள். பயப்படாதீர்கள், எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. பாதியை ஏப்ரலிலேயே முடித்திருப்பீர்கள்.

1. முதலில் பள்ளியை மாற்றுங்கள்.

இப்போதைய பள்ளியில் பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதே போதுமான காரணம். புதுப் பள்ளி தொலைவில் இருக்கட்டும். வேன் காலை ஆறே முக்காலுக்கு வந்து ஹாரன் அடித்தால்தான் அது நல்ல பள்ளி என்று தெருவுக்குத் தெரியும். அங்கே சேர்க்கைக்கு முன் ஒரு தேர்வு வைப்பார்கள். எட்டாம் வகுப்புவரை சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய்வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் பள்ளிக்காரர்கள் அதைத் தேர்வு என்று சொல்வதில்லை, ‘இன்டராக்‌ஷன்’ என்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். போன வருட இன்டராக்‌ஷனில் கேட்ட கேள்விகள் எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் விசாரித்து வையுங்கள்.

2. அரசுப் பள்ளி என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது கேட்டால், “இப்போதைக்கு அங்கதான் போட்டிருக்கோம்” என்று இழுங்கள். உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, இரண்டுமே அரசுப் பள்ளிக் கணக்கை ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. இதை இப்போது தெரிந்துகொள்ளாதீர்கள். பிள்ளை பன்னிரண்டாவது முடித்த பிறகு தெரிந்துகொண்டால்தான், “அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?” என்று பத்து வருடம் பேச விஷயம் கிடைக்கும்.

3. ஆறாவதிலேயே டாக்டர் ஆக்கிவிடுங்கள்.

சேர்க்கை மேசையில் இன்னொரு படிவம் இருக்கும்: ‘ஃபவுண்டேஷன்’. ஐ.ஐ.டி.யா, நீட்டா என்று கட்டம் போட்டிருப்பார்கள். இரண்டுமே பன்னிரண்டாவதோடு எழுதுகிற தேர்வுகள், இன்னும் ஏழு கல்வியாண்டு பாக்கி இருக்கிறது. தாமதம் ஆபத்து. பிள்ளையிடம் கருத்துக் கேட்காதீர்கள். யூடியூபர் ஆகப்போகிறேன், பஸ் ஓட்டப்போகிறேன் என்று மேசையிலேயே மானத்தை வாங்கிவிடும். முடிவெடுக்க முடியவில்லை என்றால் இரண்டு கட்டத்திலும் டிக் செய்யுங்கள். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்பதில் பிள்ளை தடுமாறினால் கவலை வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் நடத்தும்போது அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

4. காலைச் சாப்பாட்டை நிறுத்துங்கள்.

இதில் அரசே வழிகாட்டியிருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை என்று எல்லை வகுத்தார்கள். பத்து வயதுவரை பசிக்கும், பதினொன்றில் நின்றுவிடும் என்பது கணக்கு. ஒன்று முதல் எட்டுவரை உள்ள நடுநிலைப் பள்ளியாக இருந்தால் பாடம் இன்னும் நன்றாகப் பதியும்: தம்பி உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவான், அண்ணன் அதே வளாகத்தில் தூண் ஓரமாக நின்று வாய்ப்பாடு படிப்பான். வேன் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அம்மா ஷூ லேஸ் கட்ட, அப்பா வாயில் அரை இட்லியைத் திணிக்க, மீதியை ஹாரன் பார்த்துக்கொள்ளும்.

5. பையை நிரப்புங்கள்.

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பை இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டும், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2012-இல், முப்பருவ முறை கொண்டுவந்து ஒரு வருடப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே பையில் நிறைய இடம் மிச்சம். வீணாக்காதீர்கள். கிளாஸ்வொர்க் நோட்டு, ஹோம்வொர்க் நோட்டு, ரஃப் நோட்டு, டெஸ்ட் நோட்டு, ஃபவுண்டேஷன் மெட்டீரியல், எந்த டீச்சர் எதைக் கேட்பார் என்று தெரியாததால் நாளைய பாடங்களும் சேர்த்து. எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை, லேபிள். பிள்ளை பின்னால் சாய்ந்தால் முன்னால் டிஃபன் பையை மாட்டிச் சமன் செய்யுங்கள்.

6. வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். பிறகு இன்னொன்று தொடங்குங்கள்.

முதல் குழுவில் வகுப்பாசிரியை இருப்பார். அங்கே ‘நன்றி மிஸ்’, கும்பிடும் கை, ஆசிரியர் தின வாழ்த்து. இரண்டாவது குழுவில் ஆசிரியை இருக்கமாட்டார். அங்கே அவருடைய இங்கிலீஷ், அவருடைய சொந்த ஊர், போன பள்ளியை ஏன் விட்டார் என்ற ஆய்வு. ஒரே செய்தியைக் குழு மாற்றிப் போட்டுவிடும் நாள் ஒன்று வரும். போட்ட கையோடு அழித்துவிட்டு, “சாரி, பையன் போன வச்சு விளையாடிட்டான்” என்று எழுதுங்கள். பதினொரு வயது அதற்கும் பயன்படும்.

இந்தக் குழுவின் உண்மையான பலன் வேறு. வீட்டுப்பாடம் என்ன என்று பிள்ளை டைரியில் எழுதிவரத் தேவையில்லை. இரவு எட்டே முக்காலுக்கு “நாளைக்கு சயின்ஸ் நோட் கொண்டுபோகணுமா?” என்று நீங்கள் கேட்பீர்கள், “எங்களுக்கும் அதே டவுட்” என்று ஆறு பேர் சொல்வார்கள், ஏழாமவர் நாலு நாள் முந்தைய பாடத்தைப் படம் எடுத்துப் போடுவார். இப்படி மூன்று மாதம் நடந்தால் நினைவில் வைத்துக்கொள்வது என்ற வேலையே பிள்ளைக்கு இருக்காது. அதன் பிறகு, “உனக்குப் பொறுப்பே இல்ல” என்று திட்ட ஆரம்பிக்கலாம்.

புராஜெக்டும் உங்களுடையதுதான். அதே 2020 கொள்கை ஆறு முதல் எட்டுவரை வீட்டுப்பாடம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அது பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு வரம்பு கிடையாது. தெர்மாகோல், வண்ணத்தாள், ஃபெவிகால் வாங்கி வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, நள்ளிரவில் சூரியக் குடும்பம் செய்யுங்கள். சனிக்கு வளையம் ஒட்டும்போது பக்கத்தில் பிள்ளை இருக்கக் கூடாது. கை வைத்தால் பதினொரு வயசுப் பிள்ளை செய்த மாதிரி ஆகிவிடும்.

7. விளையாட்டுப் பீரியடில் கணக்கு நடத்தினால் கணக்கு சாருக்கு நன்றி சொல்லுங்கள். எழுத்து மூலமாக.

8. ஆசிரியருக்குத் தைரியம் சொல்லுங்கள்.

ஜூன் மாதமே நேரில் போய், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பரம்பரையாக வரும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்: “சார், கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுடுங்க.” கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. ஆசிரியருக்கு அது தெரியும், பாவம், தயங்குவார். தயக்கத்தைப் போக்க வேண்டியவர் நீங்கள். “நாங்கல்லாம் அடி வாங்கித்தான் சார் இந்த நெலமைக்கு வந்தோம்” என்று ஒரு வரி சேருங்கள். இந்த நிலைமை எந்த நிலைமை என்று அவர் கேட்கமாட்டார், பண்பானவர். பிறகு ஒருநாள் அவர் நிஜமாகவே கை ஓங்கினால் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். இரண்டு நிலைப்பாடும் உங்களுடையவைதான். எது எப்போது என்று ஆசிரியர் ஊகித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைக்கும் வகுப்பறை ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். புரியவில்லை என்றாலும் தலையாட்டு. கேள்வி இருந்தால் வீட்டில் வந்து கேள். வீட்டில் கேட்டால்? “கிளாஸ்ல என்ன பண்ணிட்டு இருந்த?”

9. தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பாட்டில் நிறைய கொடுத்தனுப்புங்கள், அது மாலையில் அப்படியே திரும்பி வரட்டும். தண்ணீர் குடிக்க நினைவூட்டி மணி அடிக்கும் பள்ளிகள் இப்போது உண்டு. குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் பள்ளிக் கழிவறைக்குப் போக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஃபேன் ஓடவில்லை என்று பேசுங்கள், டை நிறம் சரியில்லை என்று பேசுங்கள், கழிவறைப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

10. பெண் பிள்ளை என்றால் எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

இந்த வயதில்தான் பலருக்கு அது தொடங்கும். கணக்கு வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் புரியாமல் பயந்து அழட்டும். தகவல் வந்ததும் போய் அழைத்து வாருங்கள், யாரிடமும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், விடுப்புக் கடிதத்தில் ‘வயிற்று வலி’ என்று எழுதுங்கள். ரகசியம் காக்கப்பட்டதும் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பிள்ளையின் படம் போட்ட ஃபிளெக்ஸைப் பேருந்து நிறுத்தம்வரை வையுங்கள். வகுப்புப் பையன்கள் அந்த வழியாகத்தான் டியூஷன் போவார்கள்.

ஆண் பிள்ளைக்குக் குரல் உடைந்தால் மிளகுப் பால்.

11. நண்பர்களை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

முதல் வாரமே பக்கத்தில் உட்காருவது யார் என்று விசாரியுங்கள். என்ன ரேங்க்? அப்பா என்ன வேலை? வீடு எங்கே? கடைசிக் கேள்விக்கு முழுப் பதில் வாங்குங்கள்: எந்த ஊர் என்பது போதாது, ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அவரோடு படித்த மாணவர்களே அதில் சிக்கினார்கள். அதற்குப் பிறகு, பள்ளிகளில் சாதி எப்படி நுழைகிறது என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. கயிறைப் பள்ளி வாசலில் அறுத்துப் போடலாம். சோறு போடும்போது ‘எந்தத் தெரு?’ என்று நீங்கள் கேட்பதை எந்தக் குழுவாலும் நிறுத்த முடியாது. தைரியமாகக் கேளுங்கள். ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த நண்பனைப் பிள்ளையே விசாரித்துக்கொள்ளும்.

12. பொதுத்தேர்வை வீட்டில் நடத்துங்கள்.

ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு 2019-இல் அறிவித்தது, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. உங்களில் பலருக்கு அதில் உள்ளூர வருத்தம். சரிக்கட்டலாம். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்திருக்கிறார்களே, அந்த 40 எதற்கு என்று கேட்காதீர்கள். மொத்தத்தை மட்டும் பாருங்கள். பிள்ளை 91 என்று சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எதிர் வீட்டுப் பொண்ணு எவ்ளோ?” பதில் 88 என்றால் பேப்பர் ஈசியாக இருந்திருக்கிறது. 94 என்றால் இரவு பேசிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் பயம் போய்விடும், பயம் போய்விட்டால் உங்களுக்குப் படிக்கவைக்க வேறு வழி தெரியாது.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும்முன் ஐந்து நிமிடம் பேனாவை மூடியபடி கையில் வைத்திருங்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளை முப்பது வயதிலும் மறக்காது.

13. ஏழாவதுக்குப் பணம் கட்டுங்கள்.

ஏப்ரலில் அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள். தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்ய, அதே 2009-இல் வந்த இன்னொரு சட்டப்படி தமிழ்நாட்டில் ஒரு கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அதற்குத் தலைவர். உங்கள் பள்ளிக்கு அந்தக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது சங்கடத்தில் முடியும், தவிர்த்துவிடுங்கள். கேட்ட தொகையைக் கவரில் போட்டுக் கொடுங்கள். பாதித் தொகைக்கு ரசீது தருவார்கள். மீதிக்கு ரசீது கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை இன்னும் ஆறு வருடம் அங்கே படிக்க வேண்டும்.