துண்டு, நாற்காலி, கைப்பட்டை: புன்டா கானா விடுதிவாரம் குறித்த ஆய்வுரை

‘எல்லாம் அடக்கம்’ விடுதி என்பது தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடைத்தீனி, மது, கடல் விளையாட்டு, இரவுக் கூத்து ஆகிய அனைத்துக்கும் ஒரே தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அதன்பின் விலைப்பட்டியல் எதையும் விருந்தினர் கண்ணில் காட்டாத கடற்கரைக் குடியிருப்பு. தங்கும் காலம் மரபாக ஏழு இரவு. டொமினிக்கன் குடியரசின் கிழக்கு முனையில், புன்டா கானா – பாவரோ வட்டாரத்தில் இவ்வகை விடுதிகள் மணற்கரை நெடுக அடுத்தடுத்து நிற்பதால், இவ்வுரை அப்பகுதியையே களமாகக் கொள்கிறது. முடிபை முதலிலேயே சொல்லிவிடுவதில் தவறில்லை. பணம் கண்ணில் படாவிட்டால் மனிதர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுவர் என்பது இவ்விடுதிகளின் அடிப்படை நம்பிக்கை. கள ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. டாலரில் பார்த்துவந்த கணக்கை அவர்கள் துண்டிலும் நாற்காலியிலும் கோப்பையிலும் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

வரலாறு சுருக்கமானது. 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜிய வாட்டர் போலோ வீரர், மயோர்க்கா தீவின் அல்குதியா கடற்கரையில் கூடாரங்கள் அடித்து ‘கிளப் மெட்’ என்ற விடுமுறைக் கூட்டுறவைத் தொடங்கினார். உணவும் விளையாட்டும் கட்டணத்தில் அடங்கின; மது அடங்கவில்லை. விடுமுறையில் இருப்பவர் சட்டைப்பையில் காசைத் துழாவுவது பார்ப்பதற்கு நன்றாக இராது என்பதால், குடிக்கான விலை கழுத்தில் தொங்கிய பாசிமணிகளால் செலுத்தப்பட்டது. இம்முறை கரீபியனுக்கு வந்தபின் மணியும் கழன்றது. ஜமைக்காவின் நெக்ரிலில் 1976இல் ஒரு கடற்கரைக் கிராம விடுதி திறக்கப்பட்டது. 1981இல், அதுவரை ஏர் கண்டிஷனர் வணிகம் செய்துவந்த புட்ச் ஸ்டூவர்ட், மாண்டிகோ பேயில் ‘சாண்டல்ஸ்’ விடுதியை இணையர்களுக்கு மட்டும் என்று தொடங்கினார். வெப்பத்தை விரட்டும் கருவி விற்றவர் வெயிலை விற்கத் தொடங்கியதில் முரண் ஏதும் இல்லை. இரண்டுக்கும் வாடிக்கையாளர் வியர்த்தே ஆகவேண்டும்.

புன்டா கானாவின் தோற்றம் இன்னும் கவனிக்கத்தக்கது. சாலையே இல்லாத புதர்க்காடாக இருந்த இக்கரையை 1969இல் வாங்கிய அமெரிக்க முதலீட்டாளர் குழுவின் தலைவர் தியோடர் கீல், நியூயார்க்கின் புகழ்பெற்ற தொழில் தகராறு நடுவர். வேலைநிறுத்தங்களைத் தீர்த்துவைத்தே பெயர் வாங்கியவர், வேலை செய்யாமல் இருப்பதற்கென்றே ஓர் ஊரை உருவாக்கக் காரணமானார். அவருடன் டொமினிக்கன் இளைஞர் ஃபிராங்க் ரைனியேரி சேர்ந்தார். 1984இல் பன்னாட்டு விமான நிலையம் ஒன்றைத் தனியார் பொறுப்பில் கட்டி, ஓலைக்கூரையும் வேய்ந்தனர். அதன்பின் ஸ்பானிய நிறுவனங்கள் வந்திறங்கி, கரையை அடைத்து விடுதிகள் கட்டின.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பது தமிழ் இலக்கணம். எனவே விடுதியையும் முதல், கரு, உரி என்று வகுத்து ஆராய்வதே முறை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். விளம்பரங்கள் இதைக் கரீபியக் கடற்கரை என்கின்றன. பாவரோ பார்த்திருப்பதோ அட்லாண்டிக் பெருங்கடலை. இதனால் எந்த விருந்தினரும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. மணலின் வெண்மைக்குக் கிளிமீன்களும் ஒரு காரணம். அவை பவளப்பாறையை அலகால் சுரண்டித் தின்று, செரிக்காத சுண்ணத்தைத் தூளாக்கி வெளியேற்றுகின்றன. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணலைத் தரவல்லது. தேனிலவுப் படங்களில் இணையர் காலடியில் கிடப்பதில் ஒரு பங்கு இதுவே. பெரும்பொழுது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, அதாவது வட அமெரிக்காவில் பனி வாரும் காலம். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிர் சாயும் வேளை, என்பர். விடுதியின் சிறுபொழுது விடியல். காரணம் உரிப்பொருளில் விளங்கும்.

கருப்பொருள்களுள் மரம் தென்னை. படத்திலும் பையிலும் சட்டையிலும் கரீபியனுக்கு முத்திரையாக நிற்கும் இம்மரம் அம்மண்ணுக்கு உரியதன்று. அட்லாண்டிக் கரைத் தென்னைகள் இந்தியப் பெருங்கடல் தென்னையின் வழிவந்தவை என்பதை 2011இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றை ஒட்டிய பகுதியே அதன் தாயகம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் அது மேற்கே போனது. ஆக, தென்னை பார்க்கக் கடல் தாண்டிச் செல்லும் தமிழர் இருந்தால், அவர்கள் செல்வது உறவுக்காரர் வீட்டுக்கு என்றே கொள்ளவேண்டும். பறவை, கிராக்கிள் என்னும் கறுப்புக் குருவி. மேசையில் ஆள் எழுந்த அரை நிமிடத்தில் ரொட்டித் துணுக்குடன் பறக்கும் இதற்கும் எல்லாம் அடக்கம். பறை, நீச்சல்குளத்தோரத்து ஒலிபெருக்கி. அதில் முழங்கும் நாட்டு ஆட்ட இசைகளான மெரெங்கே 2016இலும் பச்சாட்டா 2019இலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. காலை பதினொரு மணிக்கு இடுப்பளவு நீரில் நின்று அவற்றுக்கு ஆடுவோரை அப்பட்டியல் குறிப்பிடவில்லை.

உணவுகளில் மாங்கு தனிக்குறிப்புக்கு உரியது. பச்சை வாழைக்காயை வேகவைத்து வெண்ணெயோடு மசித்து, வதக்கிய வெங்காயம் மேலே தூவி, பொரித்த பாலாடைக்கட்டி, பொரித்த சலாமி, முட்டை மூன்றையும் துணைசேர்த்துத் தரும் நாட்டுக் காலையுணவு அது. பந்திக்கூடத்தின் ஒரு மூலையில் மூடியிட்ட தட்டில் ஆவி பறக்க இருக்கும். அதைக் கடந்துபோய் ஆம்லெட்டுக்கு இருபது பேர் வரிசையில் நிற்பர். பானம் பினா கோலாடா. 1954இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில் பிறந்தது என்பது பரவலான கொள்கை. அன்னாசிச் சாறு, தேங்காய்ப் பாகு, ரம், நிறையப் பனிக்கட்டி. அக்கடைசிப் பொருளே அளவில் மிகுதி என்பதை நினைவில் கொள்க. தெய்வம் இன்னதென்று துணியக் கூடவில்லை. மதுமேடையை நோக்கிக் கைகள் நீளும் விதத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

அணிகலன் கைப்பட்டை. வந்திறங்கிய உடன் வரவேற்பு மேசையில் மணிக்கட்டில் பூட்டப்படும் இது, கத்தரியால் வெட்டினாலன்றிக் கழலாது. குளியல், தூக்கம், திருமண நாள் விருந்து எதற்கும் விலக்கில்லை. நிறம் தகுதியைச் சொல்லும்: ஒரு நிறம் சாதாரண அறை, இன்னொரு நிறம் கடல் பார்த்த அறை, தனிக் கடற்கரைப் பகுதி, நல்ல பெயருள்ள ரம். காசை மறைத்து மணிகளையும் கழற்றிய இயக்கம், காலப்போக்கில் வண்ணப்பட்டைக்கு வந்து சேர்ந்தது. விருந்தினர் ஒருவரையொருவர் சந்திக்கையில் பார்வை முதலில் மணிக்கட்டுக்கும் பிறகே முகத்துக்கும் செல்வதை எந்த மின்தூக்கியிலும் காணலாம்.

இனி உரிப்பொருள். அது துண்டு போடுதல்.

விடுதியில் எல்லாமே அளவின்றிக் கிடைக்கும். நிழலில் கிடக்கும் சாய்வு நாற்காலி தவிர. ஓலைக்குடைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, விருந்தினர் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டவர். விலை வைத்து ஏலம் விட வழியில்லை, விலையை ஒழித்தாயிற்று. எனவே தூக்கம் விலையாகிறது. கடலில் கதிர் எழுமுன்பே, தலைவாராத உருவங்கள் அறைத் துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, புல்வெளி ஓரமாக விரைவதைக் காணலாம். ஓடுவதில்லை, ஓடினால் கௌரவம் போகும். நாற்காலியில் துண்டை விரித்து, முனையைச் செருகி, அறைக்குத் திரும்பி மீண்டும் உறங்குவர். பத்தரை மணிவரை அந்நாற்காலியில் துண்டே ஓய்வெடுக்கும். நின்றும் நிற்காத பேருந்தின் சன்னல் வழியே துண்டெறிந்து சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது விளங்காத நடைமுறையன்று. ஒரு வேறுபாடு உண்டு: பேருந்தில் துண்டு போட்டவர் இரண்டே நிமிடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இவ்வுரிமைக்குச் சட்ட அடிப்படை உண்டா? உடைமை நிலைபெற இரண்டு வேண்டும் என்று ஜெர்மானியச் சட்ட அறிஞர் சாவின்யி 1803இல் எழுதினார்: பொருளின்மேல் உடல்வழிப் பிடி, தனக்கே என்ற உள்ளக் கருத்து. துண்டு போட்டவரிடம் இரண்டாவது மிகையாகவே உள்ளது. முதலாவதற்குத்தான் துண்டு ஈடாக நிற்கிறது. சான்றின் வலிமை படிப்படியானது. வெறுந்துண்டு வலுவற்றது, காற்றடித்தது என்று சொல்லி அகற்றிவிடலாம். துண்டின்மேல் கவிழ்த்து வைத்த கெட்டி நாவல் நடுத்தரம். பாதி தீர்ந்த சன்ஸ்கிரீன் குழாயும் ஒற்றைச் செருப்பும் சேர்ந்தால் வலுக்கும். குழந்தையின் சின்னஞ்சிறு காலணி மறுக்கவே முடியாத சான்று. அதைத் தொட எவருக்கும் துணிவு வராது. குழந்தையே இல்லாத இணையர் சிலரும் அதை எடுத்துவருவதாக ஐயம் உண்டு.

ஆளில்லாத் துண்டுகள் அகற்றப்படும் என்று பலகை வைக்கும் விடுதிகள் பல. பலகை இருக்கிறது, துண்டும் இருக்கிறது. விருந்தினரைப் பகைத்துக்கொண்டு அதை அகற்றவேண்டிய ஊழியர் யார் என்று மட்டும் பலகை சொல்வதில்லை. இதைவிடப் பெரிய தடை வானியலில் உள்ளது. பாவரோ கிழக்கு நோக்கிய கரை. விடியலில் கதிர் கடற்பக்கம் தாழ்ந்திருக்க, குடையின் நிழல் நிலப்பக்கம் நீளும். பிற்பகலில் கடற்பக்கம் போய்விடும். காலையில் துல்லியமாக நிழலில் நிறுத்திய நாற்காலி, உரியவர் வந்து மல்லாந்த சற்று நேரத்தில் நடுவெயிலில் கிடக்கும். நிழலுக்காகத் தூக்கம் விட்டவரே மாலையில் மிகச் சிவந்து காணப்படுவதற்கு இதுவே காரணம். வெயில் சுட்ட சிவப்பு பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் உச்சமடையும் என்பதால், பந்தி வரிசையில் நிற்பவர் தோளைப் பார்த்தே வந்த நாளைக் கணித்துவிடலாம்: வெள்ளை நேற்றிரவு வந்தவர், சிவப்பு இரண்டாம் மூன்றாம் நாளினர், தோலுரிவோர் ஊர் திரும்ப இருப்பவர்.

அடுத்தது மீட்புக் கணக்கு. ஒருவர் கட்டிய தொகை 1400 டாலர் என்று கொள்வோம். நாளுக்கு 200. அறைக்கும் சாப்பாட்டுக்கும் பாதி கழிந்தால் மீதம் 100. வெளியே ஒரு கோப்பை 8 டாலர் என்றால், போட்ட பணத்தை எடுக்க நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கோப்பை குடிக்கவேண்டும். அரைக் கோப்பையை எப்படிக் கேட்பது என்பது ஒருபுறமிருக்க, இக்கணக்கின் பிழை வேறிடத்தில் உள்ளது. விருந்தினர் கடை விலையில் கணக்கிடுகிறார். விடுதி மொத்தக் கொள்முதலில் கணக்கிடுகிறது. உள்ளூர் ரம்மும் பனிக்கட்டியும் விடுதிக்கு அற்பச் செலவு. ஆகவே இரு தரப்பும் ஒரே கோப்பையில் வெற்றி பெறுகின்றன, தோற்பது கல்லீரல் மட்டுமே. கட்டிய பணம் தின்னவைக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இல் எழுதிய கட்டுரை ஒரு சோதனையைப் பேசுகிறது. வேண்டுமட்டும் பீட்சா தரும் உணவகத்தில் சிலருக்கு மட்டும் கட்டணத்தைத் திருப்பித் தந்தபோது, அவர்கள் காசு கொடுத்தவர்களைவிடக் குறைவாகவே தின்றனர். விடுதியில் யாருக்கும் திருப்பித் தருவதில்லை.

பந்திக்கூடம் தவிர, மேசையில் பரிமாறும் உணவகங்களும் உண்டு. அவை முன்பதிவுக்கு உரியவை, ஆண்களுக்கு முழுக்கால் சட்டை கட்டாயம். கிடைப்பது அரிது என்ற ஒரே காரணத்தால் அங்கே அதே கோழி சுவையாகிறது.

பணம் முற்றாக ஒழிந்ததா என்றால், இல்லை. ஒற்றை டாலர் நோட்டாக அது பின்வாசல் வழியே திரும்பிவிட்டது. கோப்பைக்கடியில், தலையணைமேல், ஆம்லெட் சுடுபவர் கையில் அது செல்லும். முதல் நாள் தந்தவர் மறுநாள் கேட்காமலே பெரிய கோப்பை பெறுவார். வாங்குவோர் வெரோன் போன்ற உள்நாட்டுக் குடியிருப்புகளிலிருந்து விடிவதற்குள் பேருந்தில் வந்திறங்குபவர்கள். துண்டுப் படை கரைக்கு வருமுன்பே அங்கே வாரியோடு நிற்பவர்களும் அவர்களே. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி பெருங்குவியலாக ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம். அதை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றி மறைத்தபின்பே விளம்பரப் படத்தில் கண்ட கரை தோன்றும். விடியலில் இரு கூட்டமும் எதிரெதிரே வரும்போது காலை வணக்கம் பரிமாறப்படுகிறது. பாசி வாருபவர் எந்த நாற்காலியையும் பிடித்து வைப்பதில்லை.

நெய்தலின் மரபான உரிப்பொருள் இரங்கல். அது எட்டாம் நாள் நண்பகலில் வருகிறது. அறையை ஒப்படைத்தாயிற்று, விமானம் மாலையில். முழுக்கால் சட்டை அணிந்து, பெட்டிகளைக் காவலில் விட்டு, முன்கூடத்தில் அமர்ந்திருப்போர் கையில் கோப்பை இருக்கும். பட்டை இன்னும் வெட்டப்படவில்லை. புதிதாக இறங்கும் வெள்ளைத் தோள்களைப் பார்த்து, எந்தக் குடை நல்லது என்று சொல்லலாமா என்று தயங்கி, பெரும்பாலும் சொல்லாமலே போவர்.

புறனடை: ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயற்பருவத்தில் கட்டணம் இறங்கும், குறிப்பாகச் செப்டம்பரில் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். அப்போது மேற்சொன்ன விதிகள் செல்லாதிருக்கவேண்டும். ஆயினும் அடைமழையில், ஒருவரும் இல்லாத கரையில், சொட்டச் சொட்ட நனைந்த துண்டுகள் நாற்காலிகளில் விரிந்து கிடப்பதுண்டு. இதற்கு மட்டும் விதி வகுக்க இயலவில்லை.