கோச்சிப் படங்களின் திணைப் பாகுபாடு: ஒரு முன்னாய்வு

இலங்கை மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். அட்டனிலும் தலவாக்கலையிலும் அதைப் படம் பிடிக்காத கைப்பேசி கிடையாது. கொட்டகலை, கூடலூர், டொராண்டோ என்று பிரிந்து கிடக்கும் ஒரு குடும்பம் அந்தப் படங்களுக்குக் கூகுள் ஃபோட்டோஸில் பொது ஆல்பம் தொடங்கினால், 20,000 படங்கள் வரை சேர்க்கலாம். சேர்த்ததை எப்படி அடுக்குவது என்பதே இங்கு ஆய்வுப் பொருள். இதுவரை அடுக்கியவர்கள் தொல்காப்பியரைக் கலந்தாலோசிக்கவில்லை. முதல், கரு, உரி என்ற மூன்றை அவர் முன்பே வகுத்து வைத்திருக்கிறார்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும்.

நிலத்தில் சிக்கல் இருக்கக் கூடாது. பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானு ஓயாவுக்கும் வந்தது. நிலையந்தோறும் மும்மொழிப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் பலகைக்கு முன்னால் சித்தப்பா நிற்கிறார். அவர் தோளுக்கு மேலே 'ஓயா' மட்டும் தெரிகிறது. அது நானு ஓயாவா, இங்குரு ஓயாவா என்று சித்தப்பாவாலும் சொல்ல முடிவதில்லை. சுற்றுலா வந்தவர்களோ 'நுவரெலியா ஸ்டேஷன்' என்று குறிப்பு எழுதுகிறார்கள். நானு ஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய குறும்பாதை 1940களிலேயே மூடப்பட்டது. பட்டிபொலயைத் தாண்டி 1,898 மீட்டர் உச்சியில் எடுத்த படங்கள் தனி வகை: முழுக்க மூடுபனி. உள்ளே கோச்சி இருப்பதற்கு அனுப்பியவரின் வாக்குமூலமே சான்று.

பொழுது இன்னும் மோசம். 1996 இறுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது. அந்தக் காலத்தில் கூடலூரிலிருந்து வந்த அத்தானின் கேமராவும் அட்டன் மச்சானின் கேமராவும் ஒரே கோச்சியைப் பிடித்தால், அது இரண்டு கோச்சியாகப் பதிவாகும். பிற்காலப் படங்கள் வாட்சப் வழியாக வருகின்றன. எடுத்த நேரம், இடம் பற்றிய குறிப்புகளை வாட்சப் கழற்றிவிடும். கோப்பின் பெயரில் இருப்பது படம் கைமாறிய தேதி. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்பது இலக்கணம். அதற்கிணங்க இரவு அஞ்சல் கோச்சி நள்ளிரவில்தான் மலையேறுகிறது. படமும் கறுப்பாகவே வருகிறது.

கருப்பொருளில் தலையாயது எஞ்சின். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்த எம்2 டீசல் எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர். ஆல்பத்தில் 'ஒன்டாரியோ' என்று தேடினால் அந்த எஞ்சினும் வரும், டொராண்டோ பெரியம்மா பனியில் நிற்கும் படமும் வரும். நீலகிரிக்குப் போய்க் குடியேறியவர்கள் ஊட்டி ரயிலையும் இதே ஆல்பத்தில் ஏற்றுகிறார்கள். பின்னால் தேயிலை, முன்னால் வளைவு. பிரித்தறிய ஒரு வழி உண்டு: கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். குன்னூருக்கு மேலே அது இல்லை. அங்கே அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். நீலகிரியில் ஒரு மீட்டர், மலையகத்தில் 1.676.

உரிப்பொருளுக்கு வந்தால்தான் ஆல்பம் ஒழுங்குக்கு வருகிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தோட்டத்துச் சனம் கோச்சியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரத்துக்கும் போனார்கள். வழியனுப்பியவர்களின் அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. நிலம் குறிஞ்சி, ஒழுக்கம் பாலைக்குரிய பிரிவு. இலக்கணம் இதைத் திணை மயக்கம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே போனவர், வந்தவர், வழியனுப்பியவர் என மூன்றே கோப்புறை போதும். ஸ்டேஷன் தெரியாத சித்தப்பாவுக்கும் இதில் இடம் கிடைத்துவிடும்.

இந்தப் பாகுபாட்டுக்கு அடங்காதது ஒன்றுதான்: எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தை ஆளுக்கொரு தடவை, ஒரே மேட்டிலிருந்து எடுத்து ஏற்றியிருக்கிறார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை நீக்கலாம்தான். பிறர் ஏற்றிய படத்தை ஆல்பத்திலிருந்து எடுக்கும் அதிகாரம் அதைத் தொடங்கியவருக்கே உண்டு. தொடங்கியவர் வீட்டிலேயே சின்னவர். படங்களில் பாதி பெரிய மாமாவுடையவை. பாலங்கள் அப்படியே இருக்கின்றன.