சோப்புச் சில்லின் நிலையும் கதியும்: ஓர் ஆய்வு

தேய்ந்து தேய்ந்து விரலுக்குப் பிடிபடாமல் நழுவத் தொடங்கியும், குப்பைக்கூடைக்குப் போக மனம் ஒப்பாத குளியல் சோப்பின் எச்சத்தை இக்கட்டுரை ‘சில்லு’ எனக் குறிக்கும். சோப்பு எந்தக் கட்டத்தில் சில்லாகிறது என்பதில் ஒரே வீட்டுக்குள்ளும் உடன்பாடு இல்லை. ‘இன்னும் நாலு நாள் வரும், தூக்கிப் போடாதே’ என்பது அப்பாக்களின் கட்சி. பாதி தேய்ந்ததுமே புதுக்கட்டியின் உறையைக் கிழிப்பது பிள்ளைகளின் கட்சி. இருவரையும் கேட்டுப் பயனில்லை என்பதால் வேதியியலைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

முதல் வழக்கு: சில்லு, முழுச் சோப்பைவிடத் தரத்தில் தாழ்ந்ததா?

எண்ணெயையோ கொழுப்பையோ காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் கொழுப்பு மூலக்கூறு உடையும். ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் ஒரு கிளிசரின் விலக, மூன்று கொழுப்பு அமிலங்கள் ஆளுக்கொரு சோடியத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பாகும். இந்தக் குடும்பப் பிரிவினையைத் தெளிவாக விளக்கியவர் பிரான்சு நாட்டு மிஷெல் யூஜீன் ஷெவ்ரல். கொழுப்புகளைப் பற்றிய அவரது நூல் 1823இல் வெளிவந்தது. 102 வயது வாழ்ந்தவர், எத்தனை சில்லுகளைப் பார்த்திருப்பார்! ஆனால் அதுபற்றி அவர் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை, இத்துறைக்குப் பேரிழப்பு. காய்ச்சிய கொப்பரையில் உப்பைக் கொட்டினால் சோப்பு திரண்டு மேலே மிதக்கும், கிளிசரின் அடித் தண்ணீரோடு தங்கும். அந்தக் கிளிசரினை நைட்ரோகிளிசரினாக்கி, அதைக் கொண்டு 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார் ஆல்ஃபிரட் நோபல். அண்ணன் வெடிமருந்துக்குப் போக, தம்பி குளியலறைக்கு வந்தான்.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும். பெரும்பாலும் 12 முதல் 18 கார்பன் வரை நீளும் வால் தண்ணீரை அண்டாது, எண்ணெய்ப் பிசுக்கைத்தான் தேடிப் போகும். வால்கள் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, தலைகள் அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். கட்டி முழுதாக இருந்த நாளிலும் வேலை செய்தது இந்த மூலக்கூறுதான், சில்லிலும் அதேதான். கொஞ்சம் வாசனை போயிருக்கும், நடுவில் விரிசல் விட்டிருக்கும், அவ்வளவே. ஆகவே முதல் வழக்கில் தீர்ப்பு அப்பாக்களுக்குச் சாதகம்.

சில்லு எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. இதில் குளிப்பவரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால், சோப்பு முதலில் அவற்றோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். வாளியின் உள்பக்கம் வட்டமாகப் படியும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். இந்தக் கப்பத்தைக் கட்டி முடித்த பிறகே நுரை கிளம்பும். ஓட்டையில்லாத சோப்பு டப்பாவில் தண்ணீர் தேங்கினால் கட்டி ராத்திரி முழுக்க ஊறிக் குழைந்து, யாரும் தொடாமலே தேயும். உறையில் பொடி எழுத்தில் ‘டி.எஃப்.எம்.’ என்று ஒரு சதவீதம் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. குளியல் சோப்பில் 76க்குக் குறையாதிருந்தால் முதல் தரம், 70 இரண்டாவது, 60 மூன்றாவது. வாங்கும்போது நடிகையின் முகத்தைப் பார்த்துவிட்டு, தேய்ந்த பிறகு மகனைத் திட்டும் வழக்கம் ஆய்வுநெறிக்கு ஒவ்வாது.

இனி, இத்துறையின் மையச் சிக்கலான ஒட்டுதலுக்கு வருவோம். சில்லை நனைத்துப் புதுக்கட்டியின் முதுகில் அப்பி, உடனே குளிக்கவும் புறப்படுவதே பொதுவழக்கம். இரண்டு முறை தேய்ப்பதற்குள் சில்லு பிடுங்கிக்கொண்டு சாக்கடை வாய்க்கு ஓடும். காரணங்கள் எளியவை. புதுக்கட்டி வறண்டு கெட்டியாக இருக்கிறது. அதன் மேல் பொறித்த கம்பெனிப் பெயரின் பள்ளங்களில் சில்லு படியவே படியாது. சில்லோ பழகிய கைக்கு ஏற்ப வளைந்திருக்கிறது. ஆக, தொடும் பரப்பு மிகக் குறைவு. புதுக்கட்டியை இரண்டொரு நாள் பயன்படுத்தி, பெயர் அழிந்து முதுகு வழவழப்பானதும், இரண்டையும் மேற்பரப்பு குழையும் வரை நனைத்து, அழுத்தி, காற்றோட்டமாக வைக்க வேண்டும். குழைந்த இரு படலங்களும் ஒன்று கலந்து, தண்ணீர் ஆவியாகக் காயும்போது இறுகிவிடும். பச்சைக் கட்டியில் ரோஸ் சில்லு ஒட்டுமா எனச் சிலர் ஐயுறுவர். ஒட்டும். சோடியம் உப்புகளுக்குள் பிராண்டு பேதம் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது.

ஒட்ட விருப்பமில்லாதவர்க்கும் வழியுண்டு. தையற்காரர் கறுப்புத் துணியில் கோடு போடச் சில்லைத்தான் எடுப்பார். துவைத்தால் கோடு போய்விடும். தச்சர் திருகாணியில் தடவி மரத்தில் இறக்குவார். மக்கர் பண்ணும் ஜிப்புக்கும் இதுவே மருந்து. கொல்லைப்புறக் கொட்டாங்குச்சியில் கிடந்து கால் கழுவ உதவும் சில்லுகளும் உண்டு. மண்ணெல்லாம் ஒட்டிக் கிடப்பதால் அவற்றை இந்த ஆய்வு கிட்ட நெருங்கிப் பார்க்கவில்லை.

நிறைவாக, வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: ராத்திரி ஒட்டிவைத்த சோப்பைக் காலையில் முதலில் குளிக்கப் போகிறவர் தொட வேண்டாம். நன்றாகக் காயட்டும். அதுவரை பக்கத்தில் இருக்கும் துணி சோப்பையும் எடுத்து உடம்பில் தேய்த்துக்கொள்ளாதீர்கள்.