சங்காயம்

நம் கரையில் மீனுக்கு அளவுகோல் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு, கூடை. கூடை நிறைந்துவிட்டால் உள்ளே கிடப்பது முழ நீளமா, விரல் நீளமா என்று எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை.

சட்டமும் இருக்கிறது. இழுவலையில் மீன் வந்து சேரும் மடியின் கண்ணளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதாம். படிக்கும்போதே கருணை வழிகிறது. ஆனால் விசைப்படகு இழுக்க இழுக்க அந்தச் சாய்சதுரக் கண் இறுகி மூடிக்கொள்ளும். குஞ்சு வெளியேற வழியிருக்காது. அதுவும் போதாதென்று மடிக்குள்ளேயே இன்னொரு பொடிக்கண் வலையைச் செருகும் கெட்டிக்காரர்கள் உண்டு. வெளியே சட்டம், உள்ளே சாமர்த்தியம். இறுகாத சதுரக்கண் மடியை வடிவமைத்துக் கொச்சியில் வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும், அருங்காட்சியகத்துக்கு ஆகும்.

அள்ளிவந்த குஞ்சுக்கு ராமேசுவரம் பக்கம் சங்காயம் என்று பெயர். நாளைய சீலாவும் சங்கராவும் நண்டும் மணலில் காய்ந்து, மாவாக அரைபட்டுக் கோழித் தீவனமாகும். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுகிற பிராய்லர், வளரவே விடாத மீனைத் தின்று வளர்கிறது. கடலைக் கோழிக்கு எழுதிவைத்த ஒரே நாகரிகம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

தப்பிப் பிழைத்ததையாவது விட்டோமா? வஞ்சிரம் முக்கால் மீட்டரை நெருங்கினால்தான் சினை பிடிக்கும். அதற்குள் அது கல்யாணப் பந்தியில் வறுவல். மீனின் நீளம் இரு மடங்கானால் முட்டை எட்டு மடங்காவது பெருகும். அப்படிப்பட்ட பெருந்தாயைத்தான் ஏலத்தில் தூக்கிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். வலைக்குத் தப்புவது சின்ன உடம்பிலேயே சினை பிடிக்கிற குள்ளம். வம்சமும் அதன் வழியே போகும். நல்ல கிடாயையெல்லாம் அறுத்துவிட்டு நோஞ்சானை இனத்துக்கு விடுகிறவனைக் கிராமத்தில் கிறுக்கன் என்பார்கள். துறைமுகத்தில் அவனுக்கு வரிவிலக்கு டீசல்.

கேரளத்தில் 2017-லேயே 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தார்கள். நமக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமே பெரிய தவம். இனம் பெருகட்டும் என்று காத்திருந்து, பெருகிய குஞ்சை ஜூன் 15-லிருந்து வாரி எடுக்கிற தவம். குஞ்சை வாராதீர்கள் என்று கட்டுமரக்காரன் கத்தினால் அவனுக்குத் தொழில் தெரியவில்லை என்பார்கள்.

அந்த ஜூன் 15 விடியலில், கடலுக்குப் போக அனுமதி தரும் டோக்கன் மேசையில் படகின் பதிவெண்ணைப் பார்ப்பார்கள், மீனவரின் அட்டையைப் பார்ப்பார்கள். மடியின் கண்ணில் விரல் விட்டால் நுழையாது. அதனால்தான் யாரும் விடுவதில்லை.