வான்வழியில் பக்கம்தான்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. இடைவெளி சுமார் 2.7 கிலோமீட்டர். இரண்டு நிமிடப் பயணம். காற்று வாகாக அடித்த ஒரு நாளில் 53 விநாடியில் இறங்கியிருக்கிறார்கள். பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. அவர்களுக்காக, வாத்தியார் போக, நோயாளி வர, 1967 முதல் விமானம் பறக்கிறது. மானியத்தில்தான் பறக்கிறது. நஷ்டம் என்று யாரும் நிறுத்தவில்லை.

நம் நீலகிரியில், கூடலூர் பக்கத்து ஓவேலியில் இருப்பது ஆயிரக்கணக்கான ஜனம். பேரூராட்சி. வரி உண்டு, ஓட்டு உண்டு. விமானமா கேட்கிறார்கள்? ஜீப் போகிற மாதிரி ரோடு கேட்கிறார்கள்.

அங்கேதான் சட்டம் குறுக்கே படுத்திருக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற ராஜ குடும்பத்துக்குக் கூடலூர் பக்கம் இருந்த ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரைச் சொத்தை, அரசுக்கு நேரே வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969-ல் சட்டம் போட்டார்கள். 1974-ல் அமலுக்கு வந்தது. குத்தகை எஸ்டேட் நிலங்கள் 17-வது பிரிவில் சிக்கிக்கொண்டன. இன்றுவரை சிக்கல் முழுதாகத் தீரவில்லை, ரோடும் வரவில்லை. வருவாய்த்துறையைக் கேட்டால் வனத்துறையைக் காட்டும். வனத்துறையைக் கேட்டால் கோர்ட்டைக் காட்டும். கோர்ட்டில் வாய்தா. அதே 1969-ல்தான் மனிதன் 3,84,000 கிலோமீட்டர் கடந்து நிலாவில் இறங்கினான். நாலே நாள். கூடலூர் கோப்பு இன்னும் கோட்டைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

எல்லமலையிலோ ஆரோட்டுப்பாறையிலோ ராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கட்டும். முதலில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒருவர் ஓட வேண்டும். பிறகு ஜீப்காரரை எழுப்ப வேண்டும். வளைவுக்கு வளைவு வண்டி நிற்கும். "அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க, மூங்கில் முறியுற சத்தம் கேக்குது." யானை நகர்ந்தால்தான் ஜீப் நகரும். உள்ளே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். கூடலூர் சேர்ந்ததும், கேஸ் சிக்கல் என்றால், மேலே கொண்டுபோகச் சொல்வார்கள். மேலே என்றால் ஊட்டி, 50 கிலோமீட்டர் மலைப்பாதை. இல்லாவிட்டால் மாநிலம் தாண்டிக் கேரளம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்த மாநிலம் என்பதையும் ஜீப்காரர்தான் முடிவு செய்கிறார்.

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017-ல் உடான் விமான சேவையைத் தொடங்கிவைத்தார் பிரதமர். செருப்பு எங்களிடம் இருக்கிறது ஐயா. மழைக்காலத்தில் ஒன்று சேற்றோடு போய்விடும், மற்றொன்று பத்திரம். விமான நிலையத்துக்கும் பஞ்சமில்லை. பக்கத்தில் இருப்பது கேரளத்துக் கரிப்பூர். அடுத்து கர்நாடகத்து மைசூர். அந்தப் பக்கம் பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் போக்குவரத்துக்குத் தடை. இருப்பதிலேயே தூரம் கோவை. சொந்த மாநிலம் அல்லவா, தள்ளித்தானே வைக்கும்!

தேர்தல் வந்தால் மட்டும் பிரிவு 17 கரைந்துவிடுகிறது. பிரசார வண்டிகள் எந்தத் தடத்திலும் ஏறுகின்றன. பட்டா தருவோம் என்று மைக் முழங்குகிறது. அதே வாக்குறுதியைத் தாத்தாவும் கேட்டார், பேரனும் கேட்கிறான். மைக் மட்டும்தான் புதிது.

இன்னொரு நாளிலும் ரோடு திறக்கும். யானை மிதித்து ஒருவர் செத்துப்போன நாளில். ஜனம் மறியலில் உட்கார்ந்த உடனே அதிகாரிகளின் ஜீப்புகள் வரிசையாக மலை ஏறிவிடும். முதல்கட்ட நிவாரணத்தைக் கையில் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். இந்த வழியாக வர முடியாது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்வதில்லை.