பெயர் போடாமல் ஒட்டியவர்

வித்துராவில் ஐசர் அறிவியல் நிறுவன வளாகம் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே, 1909-இல், திருவிதாங்கூர் ஒரு பெரிய சிக்கலில் மாட்டியது: கோப்புகளை ஒட்டித் தரும் யூனிக்ஸின் 'கேட்' கட்டளைச் சிக்கல். யூனிக்ஸ் பிறக்க இன்னும் அறுபது வருஷம் இருந்தது என்பதெல்லாம் சில்லறை விவரம்.

சுவடி தேடி அலைந்தவர் கணபதி சாஸ்திரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் தருவை. உத்தியோகம் திருவனந்தபுரத்தில், மகாராஜா செலவில் பழைய ஏடுகளை அச்சேற்றுவது. பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் ஒரு ஓலைக்கட்டு கிடைத்தது. பிரித்தால், உள்ளே பத்து சமஸ்கிருத நாடகங்கள், பதினொன்றாவது அரைகுறை. யாரோ ஒரு புண்ணியவான் 'கேட் ஸ்வப்னம் கர்ணபாரம் ஊருபங்கம் > கட்டு' என்கிற கணக்காக வரிசையாக எழுதிக் கயிறு போட்டுவிட்டார். ஆசிரியர் பெயர்? மூச்! மற்ற நாடகங்களில் சூத்திரதாரன் மேடையேறியதும் கவியின் பெருமையை அளப்பான். இங்கே வந்தவன் நேரே வேலையைப் பார்க்கிறான். நாடகத்தின் பெயரே கடைசியில்தான். கோப்பின் வாலைக் காட்டும் 'டெயில்' கட்டளை அடித்தால்தான் தெரியும்.

1971 யூனிக்ஸ் கையேட்டில் தாம்ப்சனும் ரிச்சியும் தந்த கேட்டுக்கும் இதே குணம். கோப்புகளை வரிசையாகக் கொட்டும். எது எங்கே முடிந்தது என்று வாய் திறக்காது.

சாஸ்திரி அசரவில்லை. கட்டில் இருந்த ஸ்வப்னவாசவதத்தம் பாசன் என்ற பழைய நாடகக் கவியுடையது என்று ராஜசேகரன் என்ற இன்னொரு கவி எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். நடை ஒத்துப்போகிறதே என்று, பிற்பாடு கிடைத்ததையும் சேர்த்துப் பதின்மூன்றையும் பாசன் கணக்கில் எழுதி 1912 முதல் அச்சேற்றினார். ஒரு கோப்புக்குச் சொந்தக்காரர் தெரிந்தால் ஃபோல்டர் முழுக்க அவருக்கே பட்டா! கேரளத்துச் சாக்கியார்கள் தங்கள் கூடியாட்ட மேடைக்காக வெட்டி ஒட்டியவை இவை என்று எதிர்க்கட்சி கிளம்பியது. வழக்கு இன்னும் நிலுவையில்.

மரபணுக் கோப்புகளோடு மல்லுக்கட்டும் வித்துராப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஃபாஸ்டா கோப்பில் ஒவ்வொரு வரிசையின் தலையிலும் > போட்டுப் பெயர் இருக்கும். எத்தனை ஒட்டினாலும் அடையாளம் போகாது. சாதாரணக் கோப்புக்காரர்கள் கேட்டை விட்டு 'டெயில் -என் +1' என்று இரண்டு மூன்று கோப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அம்புக்குறிகளுக்கு நடுவே எழுதிவிட்டுத்தான் உள்ளடக்கத்தைக் காட்டும். ஒன்று மட்டும்: ஒட்டப்போகும் கோப்பின் பெயரையே > குறிக்குப் பின்னாலும் கொடுத்துத் தொலைக்காதீர்கள். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் முதல் வேலையாக அதைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் கேட்டைக் கூப்பிடும். மணலிக்கரை ஓலைக்காரருக்கு அந்த வசதி வாய்க்காததால் பாசன் தப்பினான்.