'அதுக்கு முன்னாடி' சார்

கையில் புத்தகத்தோடு மட்டும் அவர் கண்ணில் பட்டுவிடாதீர்கள். முதலில் அட்டையைப் பார்ப்பார். பிறகு உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "நல்ல புஸ்தகம்தான்" என்பார். அத்தோடு விட்டால் அவர் வேறு யாரோ. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா தம்பி, அதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை நீங்கள் இந்த ஜென்மத்தில் படிக்கப் போவதில்லை.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார், அல்லது தபால் துறை. தோளில் ஜோல்னாப் பை. உள்ளே பேப்பர் அட்டை போட்ட ஏதாவது ஒரு புத்தகம். புத்தகத்தைப் பிரித்ததும் முகர்ந்து பார்ப்பது, எத்தனையாவது பதிப்பு என்று துருவுவது, அச்சுப்பிழையைப் பென்சிலால் சுழிப்பது எல்லாம் உண்டு. அவை சில்லறை வியாதிகள், எனக்கும் இருக்கின்றன. 'முன்னாடி' வியாதிக்குத்தான் மருந்து இல்லை.

ஒரு தடவை விழுப்புரம் போகக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். இறங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு ராஜேஷ்குமார் நாவலும் வாங்கியிருந்தேன். பக்கத்து சீட்டில் சார்.

"ராஜேஷ்குமாரா? விறுவிறுன்னு போகும். ஆனா அதுக்கு முன்னாடி தமிழ்வாணனோட சங்கர்லாலைப் பார்த்துடுங்க. சங்கர்லாலுக்கு முன்னாடி வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார். அவங்க எங்கேயிருந்து எடுத்தாங்கன்னு புரியணும்னா, ரெயினால்ட்ஸை இங்கிலீஷ்லயே படிச்சுடறது நல்லது."

முதல் அத்தியாயத்தில் கொலை விழுந்து கிடக்கிறது. கொலைகாரனைத் திண்டிவனம் தாண்டியதும் பிடித்துவிடலாம் என்றிருந்தேன். சார் கணக்குப்படி, அதற்கு நான் லண்டன் வரை போய்வர வேண்டும். புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகச் செங்கல்பட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். வற்றல் குழம்புக்கு அளவு பார்க்க என் மனைவி 'சமைத்துப் பா'ரைப் பிரித்து வைத்திருந்தாள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951ல் போட்ட புத்தகம். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார்கள். "மீனாட்சி அம்மாள் கெட்டிக்காரங்கதாம்மா. ஆனா அதுக்கு முன்னாடியே பாகசாஸ்திரம்னு..." என்றார் சார். "அடுப்புல புளி கொதிக்குது சார்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவரை இத்தனை சுருக்கமாக முடித்துவைத்தவர் வேறு யாரும் இல்லை.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. என் பையன் பள்ளிக்கூடத்தில் குறள் ஒப்புவித்தல் போட்டி. பத்துக் குறள் மனப்பாடம் செய்ய வேண்டும், பரிசு ஒரு டிபன் பாக்ஸ். ஹாலில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சார் அவனை நிறுத்தினார்.

"பொருள் தெரியுமாடா கண்ணா?"

"தெரியும் தாத்தா. நோட்ஸ்ல இருக்கு."

"நோட்ஸைத் தூக்கிப் போடு. பரிமேலழகர் உரையைப் படி." என் பக்கம் திரும்பினார். "ஆனா தம்பி, பரிமேலழகர் பின்னாடி வந்தவர். அவருக்கு முன்னாடி மணக்குடவர். மணக்குடவர் உரை பிடிபடணும்னா இலக்கணம் வேணும். அப்ப தொல்காப்பியம். அதை வெறும் சூத்திரமா படிச்சா விளங்காது, இளம்பூரணர் உரையோட படிக்கணும். சரி, தொல்காப்பியத்துக்கு முன்னாடி என்ன?"

பையன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அகத்தியம்!" என்றார் சார். உடனே குரல் இறங்கிவிட்டது. "அதுதான் கிடைக்கல. அழிஞ்சுபோச்சு."

வீட்டில் ஒரு சாவு விழுந்த அமைதி. முதல் புத்தகமே இல்லை என்றால் அதற்குப் பின்னால் வந்த எதை முறையாகப் படிப்பது? சாரின் சித்தாந்தப்படி தமிழில் ஒருவரும் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை. பையன்தான் கேட்டான்: "அப்ப நான் போட்டிக்குப் போக வேண்டாமா தாத்தா?"

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் படிக்காமலே பேசுகிறவர்கள் ஏராளம். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு மேடையேறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சார் அந்த ரகம் இல்லை. சொன்ன அத்தனையையும் உண்மையாகவே படித்தவர். ஒருமுறை என் கையில் யாரோ எழுதிய ஐரோப்பியப் பயணக் கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கு முன்னாடி ஏ.கே. செட்டியார்" என்றார். காந்தியைப் பற்றிப் படம் எடுப்பதற்காக நாடு நாடாக அலைந்து பிலிம் துண்டுகளைச் சேகரித்து, 1940ல் படத்தை வெளியிட்டவர். "எங்கே சார் கிடைக்கும்?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அடுத்த வாரம் 'உலகம் சுற்றும் தமிழன்' முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, வெயிலில் நடந்து கொண்டுவந்து கொடுத்தார். காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டார். முதல் பக்கத்தில் பென்சிலால், பொடிப் பொடி எழுத்தில், 'இதற்கு முன் படிக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல். பதினொன்று இருந்தது.

அந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது என்றுதான் பல நாள் இருந்தேன். 2023 புத்தகக் கண்காட்சியில் அதுவும் வந்தது.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். ஒட்டுப்பலகைத் தரை நடக்க நடக்கத் தடதடக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, எந்தக் கடையில் பார்த்தாலும் ஐந்து பாகமும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண், இரண்டாம் பாகம் படம் வருவதற்குள் கதையைத் தெரிந்துகொண்டுவிடலாம் என்று தோழியிடம் சொல்லிக்கொண்டே செட்டைக் கையில் எடுத்தாள். பத்து சதவீதத் தள்ளுபடி போக எவ்வளவு என்றும் கேட்டுவிட்டாள். சார் காதில் விழுந்துவிட்டது.

"ஏம்மா, கல்கியை இப்படி நடுவுல இருந்து ஆரம்பிக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்'. அதுலயும் பாரு, முதல்ல எழுதினது பார்த்திபன் கனவு. ஆனா கதைப்படி முன்னாடி நடக்கிறது சிவகாமியின் சபதம். அதனால எழுதின வரிசையில ஒரு தடவை, கதை வரிசையில ஒரு தடவை படிச்சுடு. அப்புறம் சோழர் வரலாறு தெரியாம வந்தியத்தேவனைப் பிடிச்சுக்கிட்டு என்ன பண்றது? நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார்..."

பண்டாரத்தார் வருவதற்குள் அந்தப் பெண் ஐந்து பாகங்களையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தோழியோடு டெல்லி அப்பளம் விற்கும் பக்கம் போனாள். கடைக்காரப் பையன் சாரைப் பார்த்த பார்வையில் நானே தள்ளி நின்றுகொண்டேன். சாருக்கு அது தெரியவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க தம்பி படிக்கிறாங்க?" என்றார்.

இவர்தான் காரணம் என்று அவரிடம் யார் சொல்வது? கல்கி அந்தக் கதையை 1950லிருந்து மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதினார். பத்திரிகையைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தவர்களில் எத்தனை பேர் நீலகண்ட சாஸ்திரியை முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள்? அந்தப் பெண் நேராக வீராணம் ஏரிக்கரையில் போய் நின்றிருப்பாள். பிடித்திருந்தால் பண்டாரத்தாரைத் தானே தேடி வந்திருப்பாள். இவரும் பத்து வயதில் யார் வீட்டுப் பரணிலோ கிடந்த பைண்டிங்கை நடுவிலிருந்து பிரித்துத்தான் ஆரம்பித்திருப்பார். எல்லாருமே அப்படித்தான்.

இதெல்லாம் ஊருக்காகப் படும் கோபம். எனக்கென்று சொந்தமாக ஒன்று இருக்கிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' புதுப் பிரதி வாங்கி, பிரித்து நாலு பக்கம் போயிருப்பேன். சார் வந்தார். "இதை இப்பப் படிக்காதீங்க தம்பி, வீணாயிடும். அதுக்கு முன்னாடி அவரோட முதல் நாவல், 'கடலுக்கு அப்பால்'. அதை முடிங்க. அதுவரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, என் புத்தகத்தை என் கையிலிருந்தே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். நானும் கடை கடையாக அலைந்து 'கடலுக்கு அப்பால்' வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து முடித்துவிட்டு, பரீட்சை பாஸான பெருமிதத்தோடு போன் செய்தேன்.

"முடிச்சுட்டேன் சார். என் தோணியைக் கொடுத்துடுங்க."

"ரொம்ப சந்தோஷம் தம்பி. நானும் அதை மறுபடி படிக்கலாம்னுதான் எடுத்து வச்சிருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி 'கடலுக்கு அப்பா'லை ஒரு தரம் புரட்டிடணும். என் பிரதியை எவனோ வாங்கிட்டுப் போனவன் திருப்பித் தரல. உங்களோடதைச் சாயங்காலம் பையன்கிட்ட கொடுத்து விடுறீங்களா?"